பதிவேட்டில் ஒரு பெயர்

செவிலி என்றதும் நம் நினைவுக்கு வருபவள் சங்க இலக்கியத்துச் செவிலித்தாய். தலைவியைத் தோளில் சுமந்து வளர்த்தவள். அகப்பாடல்களில் தனக்கென ஓர் இடமும், தன் குரலில் பேசும் உரிமையும் பெற்றவள். பின்னாளில் அதே பணியாளைச் சுட்ட வழங்கிய சொல் தாதி. அகராதியைப் புரட்டுங்கள்! தாதி என்றால் வளர்ப்பவள் என்றும் இருக்கும். ஏவற்பெண், அடிமைப்பெண் என்றும் இருக்கும். தாலாட்டும் கையும் தளை பூண்ட கையும் ஒரே சொல்லுக்குள்! சொல் மட்டுமா தாழ்ந்தது? அச்சொல் சுட்டிய பெண்ணும் தாழ்த்தப்பட்டாள்.

மருத்துவர் தரும் உணவை ஏற்கலாகாது என்று விதித்தது மனுநூல். நீத்தார் சடங்குக்கு அழைக்கத் தகாதவர் வரிசையில் மருத்துவரையும் நிறுத்தியது. மருத்துவருக்கே இந்நிலை என்றால், குருதியையும் சீழையும் கழுவித் துடைப்பவளுக்கு என்ன மதிப்புக் கிடைத்திருக்கும்? நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவச்சி. நாவிதர் குடியில் பிறந்தவள் என்பதே அவளுக்குரிய தகுதி என்றனர். நள்ளிரவில் ஓடிச்சென்று அவளை அழைப்பர். குழந்தை வீறிட்டு அழுததும், தீட்டு என்று கூறி அவளைத் தள்ளி நிறுத்துவர். அவளுக்கு அறிவு உண்டா, பயிற்சி உண்டா என்று எவரும் சோதித்ததில்லை. சோதிக்கும் தேவை அவர்களுக்கு எழவும் இல்லை. அவள் பெயர்தான் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டதே, சாதி என்னும் ஏட்டில்!

அந்த ஏட்டுக்கு மாறாக எழுந்த மற்றோர் ஏடுதான் செவிலியர் பதிவேடு. யாருக்குப் பிறந்தாய் என்று அது கேட்பதில்லை. என்ன கற்றாய் என்று கேட்கிறது. இன்று தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி இலண்டனிலோ பெர்லினிலோ செவிலியாகப் பணிபுரிய விரும்பினால், அந்நாட்டுப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியாக வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்டாலும் அதே விதி. ஜவ்வாது மலையின்மீதுள்ள புதூர்நாட்டிலிருந்து புறப்பட்டாலும் அதே விதி. விதி ஒன்றுதான், வழியும் ஒன்றுதானா? அதை அறியப் பதிவேட்டின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முப்பதாண்டுப் போர்

இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கான பதிவேடு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. செவிலியருக்கும் அத்தகைய ஏடு வேண்டும் என்று 1887இல் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கினார் எத்தெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்னும் அம்மையார். அவரை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? ஃபுளோரன்சு நைட்டிங்கேல்!

வியப்பாக இருக்கிறதன்றோ? கிரிமியப் போர்க்களத்தில் புகழ் பெற்றவர். 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பள்ளியை நிறுவச் செய்தவர். அவரே பதிவேடு வேண்டாம் என்றார். நல்ல செவிலிக்கு வேண்டியது பண்பு. பண்பைத் தேர்வு எழுதி அளக்க முடியாது என்பது அவர் வாதம்.

பண்பை அளக்க முடியாது என்பது உண்மையே. அளக்க முடியாத பண்பைக் காட்டி, அளக்கக்கூடிய அறிவையும் அளக்காமல் விடலாமா? தேர்வு இல்லை, ஏடு இல்லை என்றால் ஒருத்தி நல்ல செவிலிதான் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் போய்ச் சேரும்? மருத்துவமனைத் தலைவியிடம்! அவர் நற்சான்று தந்தால் பிழைப்பு உண்டு. முகம் சுளித்தால் இல்லை. தயவில் வாழ்வது ஒரு வாழ்வு. உரிமையில் வாழ்வது வேறொரு வாழ்வு. ஃபென்விக் கேட்டது உரிமையை. நைட்டிங்கேல் அம்மையாரின் தொண்டு மாபெரும் தொண்டு. தொண்டு பெரிது என்பதற்காகக் கருத்தனைத்தும் சரியென்று ஏற்பது பக்தி, பகுத்தறிவன்று.

இங்கிலாந்து வாதாடிக்கொண்டிருக்கையில் நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1901இல் அங்கே செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. 1902 சனவரி 10ஆம் நாள் எல்லன் டவுகர்ட்டி என்பவர் அவ்வேட்டின் முதற்பெயரானார். இங்கிலாந்தில் சட்டம் வர 1919 டிசம்பர் ஆயிற்று. பெண்களில் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டு அது. 1921இல் ஏடு திறக்கப்பட்டபோது பதிவு எண் 1 என்று எழுதப்பட்ட பெயர் ஃபென்விக்! முப்பதாண்டுக்கு மேல் ஏளனம் சுமந்தவருக்கு அந்த ஓர் எண்ணே வெற்றிப் பட்டயம்.

சென்னை கண்ட ஏடு

சென்னையில் 1854லேயே மருத்துவச்சிகளுக்கும், 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கிற்று. பயில வந்தவர் யார்? பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களுமே. மற்ற வீடுகளில் பெண் படிதாண்டினால் மானம் போயிற்று! நோயாளி ஆண் என்றால் இழுக்கு. வேறு சாதி என்றால் தீட்டு!

அந்த மானம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டார் பிள்ளைப்பேற்றுக்கு உதவி கேட்டு வந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண். ஆடவன் தொடலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். மூன்று தாய்மாரும் மாண்டனர். ஒரு வீட்டில் வைதிகம். ஒரு வீட்டில் கோஷா. மதம் வேறு, மடமை ஒன்று! அந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்று வந்து வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். 1909இல் அங்கே செவிலியர் பள்ளி தோன்றிற்று. ஜவ்வாது மலைக்கு அருகிலிருக்கும் அதே வேலூரில்தான்!

நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த காலத்தில் 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. அதே கட்சியின் ஆட்சிக்காலத்தில், 1926ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகச் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமம் இன்றளவும் நிற்பது அந்த அடித்தளத்தின்மீதே. அச்சட்டம் செய்த புரட்சியை எண்ணிப்பாருங்கள்! பிறப்பால் மருத்துவச்சி என்ற நிலை போய், பயிற்சியால் மருத்துவச்சி என்ற நிலை வந்தது. நாவிதர் வீட்டுப் பெண்ணும், வேளாளர் வீட்டுப் பெண்ணும், பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பெண்ணும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரிகள்! அக்கிரகாரத்துக்கு ஒரு தெரு, சேரிக்கு ஒரு தெரு என்று ஊர் பிரிந்து கிடந்த காலத்தில், அவ்வேட்டில் தெருப் பிரிவினை இல்லை.

சட்டம் வந்தது, செவிலியர் பெருகவில்லை. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, அன்றைய இந்தியாவில் சுமார் 7,000 செவிலியரே உள்ளனர், 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. பிரிட்டனிலோ 300 பேருக்கு ஒருவர்! தொட்டால் தீட்டு என்ற நாட்டில் தொட்டுத் துடைக்க ஆளில்லாமற் போனதில் வியப்பென்ன? அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம், மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட பயிற்சியை ஒரே தரத்துக்குக் கொணர முனைந்தது. ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்கும் உடன்பாட்டை அயல்நாடுகளுடன் பேசவும் வழிவைத்தது. 2023இல் நாடாளுமன்றம், அதன் இடத்தில் ஓர் ஆணையத்தை அமைக்கப் புதிய சட்டம் இயற்றியது.

ஏட்டுக்குள் ஏணிப்படி

பதிவேடு வந்தால் சமத்துவம் வந்துவிடுமா? அவ்வளவு எளிதில் வருவதாக இருந்தால் வரலாற்றுக்கு வேலையே இல்லை. போர்க்காலத்தில், 1943இல், பிரிட்டன் இரண்டாவது ஏடு ஒன்றைத் திறந்தது. மூன்றாண்டு பயின்றவர் முதல் ஏட்டில். இரண்டாண்டு பயின்றவர் இரண்டாம் ஏட்டில். முதல் ஏட்டுக்காரர் தலைமைச் செவிலியாக உயரலாம். இரண்டாம் ஏட்டுக்காரர் கடைசிவரை கையாள்தான்.

போர் முடிந்தபின், 1948இல் தொடங்கிய தேசிய நலவாழ்வுப் பணிக்கு ஆள் போதாமல், பிரிட்டன் கரிபியன் தீவுகளிலிருந்து பெண்களை அழைத்தது. செவிலியாகலாம் என்ற கனவோடு கப்பல் ஏறி வந்தனர் கறுப்பினப் பெண்கள். அவர்களில் பலர், தகுதியிருந்தும், இரண்டாண்டுப் பயிற்சியிற் சேர்க்கப்பட்டனர். இரண்டு ஏடுகள் உண்டென்றே பலருக்குச் சொல்லப்படவில்லை! ஆண்டுகள் பல உழைத்து, ஊர் திரும்பலாம் என்று எண்ணியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த இரண்டாம் ஏட்டுச் சான்று அவர்தம் சொந்த நாடுகளிலேயே செல்லுபடியாகவில்லை!

வருணம் என்பது நான்கு என்று மட்டும் எண்ணாதீர், தோழர்களே! ஒரே பணியைச் செய்வோரை மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்து, கீழ்த்தட்டிலிருந்து மேலேற வாயிலை அடைத்துவிட்டால், அது எந்த நாட்டில் நடந்தாலும் வருணமே. தோல் நிறம் அங்கே பூணூலின் வேலையைச் செய்தது.

அதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. நைசீரியாவின் கோஃபோவொரோலா அபேனி பிராட் என்னும் பெண்மணி, நைட்டிங்கேல் பெயர் தாங்கிய புனித தாமசுப் பள்ளியிலேயே 1940களில் மூன்றாண்டுப் பயிற்சி பெற்று முதல் ஏட்டில் பெயர் பொறித்தார். தாயகம் திரும்பி நைசீரியாவின் தலைமைச் செவிலியர் அதிகாரியாக உயர்ந்தார். திறமை அந்தத் தீவுப் பெண்களுக்கும் இருந்தது, இவருக்கும் இருந்தது. இடையில் நின்ற வேறுபாடு எந்த ஏடு என்பதுதான்! செவிலியாக அயல்நாடு செல்வோர் கற்க வேண்டிய முதற்பாடம் அது.

மலையும் ஏடும்

இந்தப் பாடத்தை ஜவ்வாது மலைக்குக் கொண்டு செல்வோம். அம்மலையின் காவலூரில் வானாய்வுக்கூடம் இருக்கிறது. யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977இல் கண்டறிந்ததில் அதற்குப் பங்குண்டு. எட்டாத கோளை எட்டிப் பார்த்த மலை! அதே மலையில், சாலை இல்லாச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியரைத் துணித்தூளியிற் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகளை நாளேடுகள் நம் காலத்திலேயே வெளியிட்டிருக்கின்றன.

இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலிருக்கும் புதூர்நாடு, முன்பு வட ஆர்க்காட்டில் இருந்தது. அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பது பொருள். பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே பழங்குடியினர் என்கிறது அரசின் பட்டியல். ஈரோட்டுப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒரே இனம், ஏடு ஒரு மலையைச் சேர்க்கிறது, ஒரு மலையை விடுகிறது!

புதூர்நாட்டுப் பெண் செவிலியாக விரும்பினால் முதலில் அவள் ஏறவேண்டியது இனச்சான்று என்னும் படி. பழங்குடியினருக்கு அச்சான்றை வட்டாட்சியர் வழங்குவதில்லை, கோட்டாட்சியர் வழங்குகிறார். மலையிறங்கி வரவேண்டும். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. பிறகு மூன்றாண்டுப் பட்டயம் அல்லது நான்காண்டுப் பட்டம். பிறகு தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமத்தில் பதிவு.

பொறி வைக்கப்பட்டிருப்பது இங்கேதான். ஓராண்டில் செவிலி, ஆறு திங்களில் செவிலி என்று பலகை தொங்கவிட்டுப் பணம் பறிக்கும் பயிற்சிக் கூடங்கள் நகர்தோறும் முளைத்துள்ளன. வெள்ளுடை தருவர், அழகிய சான்றிதழும் தருவர். அச்சான்றை எந்தக் குழுமமும் ஏற்காது. எந்த ஏட்டிலும் அவள் பெயர் ஏறாது. குழுமம் ஏற்ற பயிற்சிகளிலும் வேறுபாடு உண்டு. இரண்டாண்டு துணைச் செவிலியர் பயிற்சி, கிராம நலப்பணிக்குரிய மதிப்புள்ள பயிற்சி. எனினும் அயல்நாட்டுச் செவிலியர் ஏட்டுக்கு அது படியாகாது. கரிபியன் பெண்ணுக்குச் சொல்லாமல் மறைத்த செய்தியை, மலைப் பெண்ணுக்கு நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாவா?

அதன் பின்னரே அயல்நாட்டு ஏடு. பிரிட்டனுக்கு என்றால் ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால், எழுத்தில் 6.5, படித்தல், கேட்டல், பேசுதலில் 7 வேண்டும். அடுத்து கணினித் தேர்வு. பிறகு அந்நாட்டிலேயே செய்துகாட்டும் தேர்வு. அனைத்தும் தேறிப் பதிவு எண் வரும்வரை செவிலி என்ற பெயரில் பணிபுரிய அவளுக்கு உரிமையில்லை. அமெரிக்காவில், அங்கேயே பிறந்து பயின்றவள் எழுதும் அதே உரிமத் தேர்வை இவளும் எழுதவேண்டும். செருமனிக்குச் செருமானிய மொழி வேண்டும். பயிற்சியில் குறை கண்டால் கூடுதற் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு வேண்டும். எங்கு சென்றாலும், இவள் எங்கள் ஏட்டில் இருப்பவள், குற்றமற்றவள் என்று தமிழ்நாட்டுக் குழுமம் உறுதி கூறவேண்டும். ஆக, 1926இல் திறந்த அந்த ஏடே இன்று உலகின் வாயிலைத் திறக்கும் முதற் சாவி!

சாதிப்பெயர் இல்லாத கட்டம்

அயல்நாட்டு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: குடும்பப் பெயர். நம் பெண் அங்கே திகைப்பாள். தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தானே அவளுக்கு உண்டு? திகைக்க வேண்டாம், பெருமைப்படட்டும்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறியத் தீர்மானித்தது. பிற மாநிலத்தார் சாதிப் பட்டத்தை இட்டு நிரப்பும் கட்டம் தமிழனுக்கு வெற்றிடமாக இருக்கிறதென்றால், அது ஓர் இயக்கம் ஈட்டித்தந்த வெற்றிடம்.

ஆயினும் எழுத்தர் இயக்க வரலாறு கேட்கமாட்டார். எழுத்து ஒத்திருக்கிறதா என்றே பார்ப்பார். பள்ளிச் சான்றில் முதலெழுத்து முன்னே, கடவுச்சீட்டில் தந்தை பெயர் பின்னே, குழுமச் சான்றில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், மூன்றும் ஒருத்தியே என மெய்ப்பிக்க மாதக் கணக்கில் அலைய வேண்டிவரும். தந்தை பெயரை முழுமையாக, எல்லாச் சான்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில், தொடக்கத்திலேயே எழுதச் செய்யுங்கள். சாதி வால் வேண்டாம். சான்றுகளில் ஒருமை வேண்டும்!

தரகரும் தளையும்

வாயில் இருக்கும் இடத்தில் வாயிற்காவலர் முளைப்பர். கோயிலில் அருச்சகர், இங்கே தரகர். குவைத்துக்கு அனுப்புவதாகக் கூறி, 19,500 ரூபாய் பெறவேண்டிய இடத்தில் 19.5 இலட்சம் பெற்ற முறைகேடு 2015இல் கொச்சியில் அம்பலமாயிற்று. ஒரு புள்ளியும் இரண்டு சுழியமும் ஒரு குடும்பத்தை ஓட்டாண்டியாக்கும்! அதற்கு முன்னாண்டு ஈராக்கின் திக்ரித்தில் போரிடையே சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியரில் தூத்துக்குடிப் பெண்ணும் ஒருவர். 2015இல் ஒன்றிய அரசு, குவைத்து, சவுதி அரேபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியே அனுப்ப ஆணையிட்டது. 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

மலைக்கே செவிலியர் போதவில்லை. கடல் கடந்து அனுப்புவது முறையா என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி. வறிய நாடுகளின் செவிலியரை வளநாடுகள் வாரிச் செல்லலாகாது என்பதை உணர்ந்தே, 2010இல் உலக நலவாழ்வு அமைப்பு ஒரு நெறிமுறை வகுத்தது. பெண்ணைப் போகவிடாமல் கட்டிப்போடுவதா அதற்கு மருந்து? ஒப்பந்தம் என்று கூறி மூலச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்ட மருத்துவமனைகள் நம் நாட்டில் இருந்தன. 2012இல் சென்னையில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதிய உயர்வு கேட்டும், அந்தத் தளையை எதிர்த்தும் வீதிக்கு வந்தனர். நல்ல ஊதியமும், நிலையான பணியும், மலைக்குச் சாலையும் தாருங்கள். இருக்க விரும்புவோர் இருப்பர். சென்றவளும் திரும்பி வர வழியிருக்கும். படிதாண்டாப் பத்தினி என்று நேற்றுப் பூட்டியவர்கள், நாட்டுப்பற்று என்னும் புதிய பூட்டோடு இன்று வரவேண்டாம்!

நாம் செய்யக்கூடியது என்ன?

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்வான செய்தியை 2024இல் தமிழகம் படித்தது. தேர்வு நேர்மையாக நடந்து, அதற்கான வழியும் தெரிந்திருந்தால், மலைப் பெண் எந்த ஏட்டிலும் ஏறுவாள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இயக்க இளைஞர்கள் இதற்கென மாநாடு கூட்ட வேண்டியதில்லை. உங்கள் படிப்பகத்துச் சுவரில், குழுமம் ஏற்றுக்கொண்ட கல்லூரிகளின் பட்டியலை ஒட்டுங்கள். ஏற்காத கூடங்களைப் பெயர் சொல்லி எச்சரியுங்கள். பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குச் சென்று, ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக் கொடுங்கள். இனச்சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் தந்தையோடு நீங்களும் ஏறுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்றுக்கொடுங்கள். தாய்மொழி நம் உயிர். ஆங்கிலம் உலகோடு பேச நமக்கு வாய்த்த கருவி. தரகர் வீட்டு வாயிலில் நிற்கும் குடும்பத்தை அரசு நிறுவனத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிறப்பு எழுதிய ஏட்டை நம் முன்னோடிகள் கிழித்தனர். கல்வி எழுதும் ஏட்டில் மலைமகள் பெயரையும் எழுதச் செய்வது நம் தலைமுறையின் பணி. ஒன்றை மட்டும் மறவாதீர்: இரண்டாம் ஏட்டில் அன்று, முதல் ஏட்டில்!